செவ்வாய்க்கிழமை வழக்கு

செவ்வாய்க்கிழமையானால் சிவானந்தன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "புதுக்கடை கோர்ட்டில ஒரு வழக்கு" என்று வெள்ளவத்தையிலிருந்து கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சட்டையில் மல்லிகை வாசம் வீசும்.

மனைவி நாகேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த வயதில் எவள் அவள்?

அன்று அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே பஸ் ஏறினாள். மனுஷன் நுழைந்தது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள்! வீட்டில் சாமியறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். அவளுக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கும் மாறிவிட்டாரோ?

வாசலில் மெழுகுதிரி விற்ற பெண்ணைப் பிடித்தாள்.

"தங்கச்சி, அந்த வெள்ளைச் சட்டைக்காரரோட ஆர் வாறது?"

"தனியத்தான் வருவார் அம்மா. மல்லிகைச் சரம் வச்சு, சிலை இருக்கிற கண்ணாடிப் பெட்டியில நெற்றிய முட்டிக்கொண்டு, ஒரே பேரைச் சொல்லி அழுவார். பாக்கவே பாவமா இருக்கும்."

எனக்காக ஒரு நாளாவது அழுதிருப்பாரா? நாகேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

"என்ன பேர்? சொல்லு!"

"தவரூபன்."

நாகேஸ்வரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போராடவென்று இயக்கத்துக்குப் போன மகனின் பெயர் அது. சாமியறையில் அந்தப் பெயரைச் சொல்லி அவள் அழுத அன்று, "அவன் எனக்குப் பிள்ளையில்லை. இனி அந்தப் பேர் இந்த வீட்டில கேட்கக்கூடாது" என்று கத்தியவர் சிவானந்தன்.