டென்மார்க்குக்கு ஓடிய கடல்

முன்னூறு கிலோமீட்டர் நடந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு வந்து நிற்கிறோம், கடலைக் காணோம். நாங்கள் வருவது தெரிந்து டென்மார்க்குக்கே ஓடிவிட்டதுபோல, வழுக்குப் பாறைகளுக்கு அப்பால் உள்வாங்கி வெள்ளிக் கோடாக மினுங்குகிறது. கிளம்பும்போது மேற்குக் கடலில் நனைத்த பூட்ஸை இதிலும் நனைத்தால்தான் நடை முடிந்ததாக அர்த்தம். முடித்தால்தான் மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவுக்கு ஊரார் வாக்களித்த நன்கொடை கிடைக்கும். என் முழங்காலோ பூசணிக்காயாக வீங்கி மூன்று நாளாகிறது. “தண்ணி திரும்பி வர்ற வரைக்கும் பப்ல உக்காரலாமே எனிட்” என்கிறேன். “உக்காந்தா உன்னைத் தூக்க கிரேன்தான் வரணும். நட நார்மன்” என்கிறாள் மனைவி, தன் கைத்தடியையும் என்னிடம் திணித்தபடி. கடற்பறவைகள் எங்கள் தலைக்கு மேல் கெக்கலிக்கின்றன. கரைச் சுவரோரம் அந்தப் பிரிவிலிருந்து எங்களை வரவேற்க வந்த நர்ஸுகளும் குழந்தைகளும் பார்த்திருக்க, நான் இரண்டு தடிகளோடு நாலு கால் நண்டாகப் பாறை பாறையாக ஊர்கிறேன். கடைசிப் பாறையைத் தாண்டியதும் ஒரு குட்டி அலை என் பூட்ஸுக்குள் குளிர்ந்து புகுகிறது. எனிட் குனிந்து தொட்டுப் பார்க்கிறாள். “சாக்ஸ் வரைக்கும் நனைஞ்சிருக்கு” என்று கரையைப் பார்த்துக் கத்துகிறாள். அங்கே எழும் ஆரவாரம் டென்மார்க் வரைக்கும் கேட்கிறது. இல்லையென்றால் கடல் ஏன் இப்படி அவசரமாகத் திரும்பி வருகிறது?