உனக்கு என்ன நடந்தது?

"அந்த வீட்டுச் சின்ன மருமகளைத்தாங்க இழுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அவ வீட்டுக்குத் திரும்பவே இல்ல."

சொன்னவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தஞ்சம் கேட்டு வந்தவர்களை விசாரிக்கும் அறை அது. எதிரே அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கும் அக்கா. அதிகாரி நம்பினால் இந்த நாட்டில் இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதே ஆட்களிடம்.

"எந்தத் தேதி?" அவர் கேட்பதையெல்லாம் அக்கா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தேதி தெரியாதுங்க. மாமனார் கண் ஆபரேஷன் முடிஞ்சு வந்த மறுநாள். கட்டோட உக்காந்திருந்த மனுஷனைப் போட்டு அடிச்சாங்க. மூத்த மருமக கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமா ஓடினா."

"இதெல்லாம் மத்தவங்க கதை. உனக்கு என்ன நடந்தது?"

அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. 'நான்' என்று வாயெடுத்தாலே, "போதும், உன் சுயபுராணத்தை நிறுத்து" என்று தலையில் குட்டு விழுந்த வீட்டில் வளர்ந்தவள். எதையும் நாலு பேரோடு சேர்த்துத்தான் அவளுக்கு ஞாபகமே வரும். இந்த மனுஷருக்கோ 'நான்' என்று ஆரம்பித்தால்தான் அது ஞாபகம், இல்லாவிட்டால் யாரோ சொல்லிக் கேட்ட கதை! என்னத்தைச் சொல்ல?

"அவளை ஏத்திட்டுப் போன வேன்ல ஜன்னலே கிடையாதுங்க. தரையெல்லாம் டீசல். ஸ்டெப்னி டயர் ஒண்ணு நழுவி நழுவி வந்து அவ கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அதிகாரி நிமிர்ந்தார். "வேனுக்குள்ள நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ வண்டியின் கதவைத் தடாலென்று சாத்தும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியோடு சுவர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டாள்.

"வாயைத் தொறந்து சொல்லும்மா!" அக்கா அதட்டினாள். அக்காவுக்கே பயம் வந்துவிட்டது. "பொய்னு எழுதிடப் போறார்."

அதிகாரி பொல்லாதவர் இல்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்தார்.

"பாரும்மா, உனக்குன்னு ஒண்ணும் நடக்கல. ஆபத்து அந்தச் சின்ன மருமகளுக்குத்தான். அவ வந்து கேட்டிருந்தா யோசிக்காம இங்க தங்க விட்டிருப்பேன். நீ ஊருக்குப் போகலாம்."

ஊர் என்றதும் அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வந்துதாங்க இருக்கா."

"எங்கே?" அதிகாரி கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க."