உருளைக்குள் நின்றவள்

விண்கல் சுரங்கத்தில் எதற்கும் எடை கிடையாது, மனிதர்களும் மிதப்பார்கள். தாது பிரிக்கும் உருளைக்குள் மட்டும் எடை உண்டு. அது சுழலும்போது கனமான தாது சுவரில் ஒட்டும். லேசான கல்தூள் நடுவிலேயே மிதந்து கழிவாக வெளியேறும்.

அங்கேயே பிறந்த நாச்சிக்கு ஒன்றரை வயதாகியும் நிற்கத் தெரியாது. விடுமுறை நாளில் உருளையைக் கழுவிவிட்டு, அம்மா தில்லைக்கரசி அவளோடு உள்ளே நுழைந்தாள். உருளையை ஓட்டும் அப்பா சந்தானம் வெளியே இருந்து மெல்லச் சுழற்றினான்.

நாச்சி தவழ்ந்தாள். பிறகு அம்மாவின் விரலை உதறிவிட்டு எழுந்தாள்.

"என்னங்க, பாருங்க! நம்ம புள்ள நிக்கிறா!"

சந்தானத்தின் முன்னிருந்த திரை கேட்டது: 'சுவரில் கனமான பொருள்கள் இரண்டு. கம்பெனிக் கிடங்குக்கு அனுப்பவா?'

"அனுப்பாத," என்றான் சந்தானம், நெஞ்சை நிமிர்த்தி. "ரெண்டுமே எங்க வீட்டுக்குச் சேர வேண்டியது."