முதல் தடம்

சுவிட்சர்லாந்தின் எங்காடின் மலைமேல் மே மாத வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் கண்ணாடியாய் இறுகிக் கிடந்த பனிச்சரிவு இப்போது ஊறிய அவலாய்க் கொழகொழக்கிறது. அடியில் எங்கோ நீர் ஓடும் சத்தம். பனி இறுகியிருக்கும்போதே சறுக்கி இறங்கியிருக்க வேண்டும்; கூர்டின் ஏற்றத்தில் பின்தங்கியதால்தான் இந்தத் தாமதம். அவன் மனைவியின் அண்ணன் ரேட்டோ, ஏறும்போது வழுக்காதிருக்கச் சறுக்குக்கட்டையின் அடியில் ஒட்டியிருந்த தோலை உரித்துச் சுருட்டியபடி சரிவையே பார்க்கிறான். "வழியெல்லாம் என்னை ஆமைன்னீங்களே மச்சான்," என்கிறான் கூர்டின். "அது ஏறுறதுக்கு மாப்ளே. இறங்குறதுல உன்ன அடிச்சுக்க ஆளேது? நீயே முதல்ல போ." கல்யாணமானதிலிருந்து அந்த வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை. பனி பெயர்ந்து ஆளை மூடுமா என்று பார்க்கத்தான் ஒருவனை முன்னே விடுவார்கள் என்பது கூர்டினுக்கும் தெரியும். தெரிந்தே இறங்குகிறான். பாதிச் சரிவில் அழகாக வளைந்து, மச்சான் ரசிக்கிறானா என்று ஆசையோடு நிமிர்கிறான். ரேட்டோ இவனைப் பார்க்கவில்லை. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, இவனுக்கு மேலே இருக்கும் பனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.