சலவை அறைத் தொட்டி

முடி கொட்டிய நாயைச் சொறிநாய் என்று அழைப்பது, உலகம் இன்றுவரை திருத்திக்கொள்ளாத பெரும்பிழை. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் செத்துப்போனாலும் முடி கொட்டும். அது எவருக்கும் ஒட்டாது. ஆனால் தோல் சுரக்காத எண்ணெயை ஆள்தான் ஊற்ற வேண்டும்.

சுவீடனின் கோதன்பர்கில், எங்கள் குடியிருப்பில், டாக்னி அதைத்தான் செய்துவந்தாள். எழுபது தாண்டிய தனிக்கட்டை. சனிக்கிழமைதோறும் தன் பூடில் நாய் ரூஸுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தடவி ஊறவைத்து, கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறைத் தொட்டியில் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். விட்டுவிட்டால் தோல் வெடித்துச் சீழ் வைக்கும்.

அவளுடைய பக்கத்து வீட்டு சிக்ஸ்டனுக்கு இது பிடிக்காது. "இது சலவை அறையா, மீன் வறுக்கற கடையா?" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்.

மே மாதம் விலங்கு நல ஆய்வாளர் டாக்னி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நாயைச் சரியாப் பாத்துக்கலன்னு புகார். பேர் சொல்லாம யாரோ ஃபோன் பண்ணியிருக்காங்க."

ரூஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இந்த வியாதியில இவ்வளவு நல்லா வச்சிருக்கற நாயை நான் பாத்ததே இல்ல. இவனை யாரும் உங்ககிட்டேருந்து எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

டாக்னி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

குடியிருப்புச் சங்கத் தலைவி குன்வோர் படிக்கட்டில் சிக்ஸ்டனை மறித்தாள்.

"ஃபோன் பண்ணினது நீங்கதானே?"

"நான்தான்."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

அன்றிலிருந்து அவருக்கு யாரும் முகம் கொடுப்பதில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை சிக்ஸ்டன் சலவை அறைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"தப்பு பண்ணினவன் தண்டனை அனுபவிக்கணும். நாயை நான் பிடிச்சுக்கறேன், நீங்க தேய்ங்க."

டாக்னி நிமிரவில்லை.

"நீங்க ஃபோன் பண்ணல."

"எப்படிச் சொல்றீங்க?"

"பண்ணினது நான். வலது கை மடங்க மாட்டேங்குது. போன வாரம் இவன் நழுவி விழுந்துட்டான். ஆபீஸ்காரங்க எடுத்துட்டுப் போனா, கையில தெம்பு இருக்கறவங்க யார்கிட்டயாவது குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

"தெரியும். நம்ம சுவர் மெல்லிசு."

"தெரிஞ்சுமா நான்தான்னு சொன்னீங்க?"

"நீங்க ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"பக்கத்து வீட்டுல போய் எப்படிக் கேக்கறது?"

"அதுவும் சரிதான். நானும் சும்மா வந்து நிக்க முடியாதில்ல, ஒரு காரணம் வேணுமே. தண்ணியைத் திறங்க."

ஆகஸ்டில் முற்றத்தில் வழக்கமான ஆற்று இறால் விருந்து நடந்தது. சிக்ஸ்டனுக்கு மட்டும் நாற்காலி போடவில்லை. டாக்னி, குன்வோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.