வேலி தாண்டிய மான்

"பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே வா" என்றாள் ஆர்டிஸ்.

"உள்ளே வர நேரமில்லேக்கா. என் அம்பு பட்ட மான் உங்க வேலியைத் தாண்டி வந்துடுச்சு. தேடிப் போகலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"கழட்டிட்டு வான்னேன்."

வாசலில் நின்ற லைலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரில் இத்தனை பேருக்கு நிலம் இருக்க, போயும் போயும் இவள் நிலத்துக்குள்ளா ஓட வேண்டும்? மரத்துக்கு மரம் 'இங்கே வேட்டையாடக் கூடாது' என்று பலகை அடித்திருப்பவள். அந்தப் பக்கம் திரிகிற மான்களுக்கெல்லாம் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவள். கேட்காமல் கால் வைத்தால் வனத்துறைக்குப் போன் போட்டுவிடுவாள்.

பதினோரு நாள் விடியுமுன்னே மரத்தில் கட்டிய பரண் ஏறி, குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். இன்றைக்குத்தான் கொழுத்த பெண் மான் ஒன்று பரணுக்குக் கீழே வந்தது. அம்பு நெஞ்சுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பட்டது. ஆனாலும் பட்டது.

காகித ஆலையைக் கோடையில் மூடியதிலிருந்து வீட்டு ஃப்ரீசர் காலி. துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி வரும்வரை பொறுக்க முடியாமல்தான் இந்த வருஷம் முதல்முறையாக வில்லை எடுத்திருந்தான். மூன்று பிள்ளைகளுக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி, அந்த ஒரு மான்.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் ரத்தத் தடம் அழிந்துவிடும்.

"காபி குடி."

"மழை வரப் போகுதுக்கா!"

"நவம்பர்ல வராம? உட்கார். அந்த நாற்காலி இல்லே, இது."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தாள். காபி வந்தது. ஆப்பிள் பை வந்தது. கூடவே திட்டும் வந்தது.

"அந்த மான் உன்னை என்னடா பண்ணுச்சு?"

"பசங்களுக்குக் கறி வேணும்க்கா."

"கடையில கோழி கிடைக்கலையா?"

"கோழிக்கு மட்டும் உயிர் இல்லையாக்கா?"

ஆர்டிஸ் இன்னொரு துண்டு ஆப்பிள் பையை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"உன் பொண்டாட்டி கோரினுக்கு இடுப்பு வலி தேவலையா?"

"தேவலை. போகட்டுமா?" என்று கத்தினான்.

"கத்தாதே. என் வீட்டுல சத்தம் போடக் கூடாது."

முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. பழி வாங்குகிறாள் என்று லைலுக்குப் புரிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று, ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"இந்தக் குழாய் ஒழுகுது. சரி பண்ணிக் குடு."

"இப்பவா?"

"என் நிலத்துல கால் வைக்கணுமா, வேணாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை வாங்கித் தொட்டிக்கு அடியில் தலையை விட்டான். மேலே நின்று டார்ச் அடித்தாள். வெளிச்சம் நிற்காமல் ஆடியது.

"ஒழுங்காப் பிடிங்கக்கா!"

கொஞ்ச நேரம் கழித்து, அவள் மெல்லிய குரலில் யாரிடமோ பேசுவது கேட்டது.

"தூங்கு மேபல். அவ்வளவுதான். தூங்கு."

"யாரைச் சொல்றீங்க?"

"பூனையை. நீ வேலையைப் பார்."

குழாய் ஒழுகுவது நின்றது. மழை பிடித்துக்கொண்டது. லைல் ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"சந்தோஷமாக்கா? என் பிள்ளைங்க சாப்பாட்டை மழையில கரைச்சுட்டீங்க."

"போ. பின்பக்கமாப் போ" என்றாள் ஆர்டிஸ்.

கதவை வெடுக்கென்று திறந்தவன் அப்படியே நின்றான். முப்பதடி தூரத்தில், ஆப்பிள் மரத்தடியில் அவனுடைய மான் கால்களை மடித்துப் படுத்திருந்தது. அசைவில்லை.

"நீ கதவைத் தட்டினப்போ அது தலையைத் தூக்கிக்கிட்டுதான் படுத்திருந்துச்சு" என்றாள் பின்னாலிருந்து. "அம்பு விட்ட கையோட இறங்கி ஓடி வந்திருக்கே. வில்லுக்குப் பொறுமை வேணும்டா. என் வீட்டுக்காரர் அம்பு விட்டதும் ஒரு மணி நேரம் பரணை விட்டு இறங்க மாட்டார். நீ போய் நின்னிருந்தா பயந்து எழுந்து, சதுப்புக்குள்ள ஓடி எங்கேயாவது விழுந்திருக்கும். உனக்கும் கிடைச்சிருக்காது, அதுக்கும் நிம்மதி இருந்திருக்காது."

லைல் தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சுடுங்கக்கா. இதுக்கும் பேர் வெச்சிருந்தீங்களா?"

"இதுக்கா? இது எங்கிருந்தோ வந்தது, பேரெல்லாம் கிடையாது" என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னே இறங்கினாள். "காலைப் பிடி. பசங்க வயிறார சாப்பிடட்டும்."

பாதித் தூரம் இழுத்த பிறகுதான், பூனை முடி பட்டாலே ஆர்டிஸுக்கு மூச்சு முட்டும் என்பதும், அந்த வீட்டில் பூனையே கிடையாது என்பதும் லைலுக்கு உறைத்தது.