கூடுதலாக ஒரு குரல்

நீர் நிரம்பிக் கிடக்கும் அந்தச் சுரங்கத்தில், இறங்கியவர்களைவிட ஒரு குரல் கூடுதலாகக் கேட்டால் மேலே இருப்பவர் பதில் சொல்வதில்லை. ஃபின்லாந்தின் அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மரமேடையில் ஒலிபெருக்கியின் அருகே ரைலி இருந்தாள். கீழே நீருக்குள் அவள் தம்பி எஸ்கோவும் தௌனோவும். அவர்கள் முதுகில் இருந்தது விட்ட மூச்சையே சுத்திகரித்துத் திருப்பித் தரும் கருவி, குமிழி எழாது. முழுமுக முகமூடிக்குள்ளிருந்து பேச்சு மட்டும் மேலே வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் தத்தம் மீட்டர் காட்டும் ஆக்சிஜன் அளவைச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு," என்றார் தௌனோ. "காப்பிய நீயே காலி பண்ணிடாத, ரைலி."

"எனக்கும்... ஒண்ணு புள்ளி ரெண்டுதான்க்கா." எஸ்கோவின் நாக்கு குழறியது. நான்காவது முறையாக, இம்மியும் மாறாத அதே எண்.

"எஸ்கோவுக்குப் பூஜ்யம் புள்ளி ஒண்ணு," என்றது மூன்றாவது குரல், நிதானமாக. "அவன் மீட்டர் நின்னுபோச்சு."

அந்த அளவில் எவருக்கும் சுயநினைவு தங்காது. ரைலி தம்பியை அழைத்தாள். பதில் இல்லை.

"தௌனோ, அவன் எங்க?"

"ஒரே கலங்கல், கண்ணுக்கே தெரியல. நீ அதுகிட்ட மட்டும் பேசிடாத!"

ரைலி பொத்தானை அழுத்தினாள்.

"நீங்க யாரா வேணா இருங்க. அவனோட மாத்து சிலிண்டரைத் திறந்துவிடுங்க."